நிற்பதற்காக ஓர் ஓட்டம்

வழிபாட்டின்போது மனிதன் அமர்கிறான், நிற்கிறான், நிலம்தோய விழுந்து வணங்குகிறான். வலம் வரும்போதுகூட மெல்லவே நடக்கிறான். எண்ணெய் நிறைந்த குடத்தைச் சுமந்து செல்லும் நிறைமாதக் கர்ப்பிணியைப்போல் திருக்கோயிலை வலம் வர வேண்டும் என்று பெரியோர் சொல்வதுண்டு. அவ்வாறிருக்க, ஓடுவதையே வழிபாடாகக் கொண்ட மரபு ஒன்று நம் நாட்டின் தென்கோடியில் இன்றும் உயிரோடு விளங்குகிறது. மாசி மாதத்து மகாசிவராத்திரியை ஒட்டிக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிகழும் சிவாலய ஓட்டமே அது.

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று சாஸ்திரங்கள் முழங்குகின்றன. எங்கும் நிறைந்தவனை நோக்கி ஓடுவானேன்? இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. வழிபாடு நம்மை உண்மையிலேயே மாற்றுகிறதா?

ஒரு பக்தரின் சங்கடம்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியை அடுத்துள்ளது வலியசாலை. தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் அங்கே உள்ளன. அங்குள்ள காந்தளூர் மகாதேவர் கோயிலில் சிவபெருமானோடு திருமாலுக்கும் சந்நிதி உண்டு. இத்தெருக்களில் வாழும் ஒரு பக்தரைக் கற்பனை செய்து பார்ப்போம். வயது ஐம்பதை நெருங்குகிறது. நாள் தவறாமல் கோயிலுக்குச் செல்கிறார். பிரதோஷ விரதம் காக்கிறார். ஆனால் உடன்பிறந்த தமையனோடு ஆறு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. பூர்வீக வீட்டை இரண்டாக்கியபோது நடுச்சுவர் எங்கே எழ வேண்டும் என்பதில் வந்த பிணக்கு அது. சந்நிதியில் கண்மூடி நிற்கும்போது அவர் உள்ளம் உருகுவது மெய். வாசற்படி தாண்டித் தெருவில் தமையனைக் கண்டவுடன் அதே உள்ளம் கொதிப்பதும் மெய்.

இவருடைய வழிபாடு பொய்யா? பொய்யென்றால் நம்மில் பெரும்பாலோரின் வழிபாடும் பொய்யாகிவிடும். மெய்யென்றால் அது ஏன் பகையை அழிக்கவில்லை? இதற்கான விடையைத் தேடி இந்த அன்பரை ஒரு சிவராத்திரிக்கு முதல்நாள், சுமார் 40 கிலோமீட்டர் தெற்கேயுள்ள முஞ்சிறைக்கு அனுப்பிவைப்போம்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே பழைய தொடர்பு ஒன்று உண்டு. சோழர் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற காந்தளூர்ச்சாலையை ஆய்வாளர் பலர் இன்றைய வலியசாலையோடு இணைத்துக் காண்கின்றனர். அக்காலத்தில் சாலை என்பது மாணவர் தங்கி உண்டு, மறையும் பிற கலைகளும் கற்ற நிலையத்தையும் குறித்தது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்றாக நிலம் கொடுத்து ஓர் இடத்தைப் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். காந்தளூரின் ஒழுங்குகளை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்க்கான சாலையையும் அங்கு நிறுவினான். இச்செய்தியை அவனது செப்பேடு தெரிவிக்கிறது. மாணவர் ஆயுதத்தோடு அவைக்கு வருதல், ஒருவரையொருவர் தாக்குதல் போன்ற குற்றங்களுக்குத் தண்டமும் அதில் விதிக்கப்பட்டுள்ளது. மறை பயின்றவர்க்கும் சினத்தை அடக்க விதி தேவைப்பட்டது என்பது சிந்தித்தற்குரியது. கற்பதால் மட்டுமே பகை தீர்ந்துவிடுவதில்லை என்பதை அந்நாளைய ஆசான்களும் அறிந்திருந்தனர்.

மாலையில் தொடங்கும் பயணம்

முஞ்சிறைத் திருமலை மகாதேவர் கோயிலிலிருந்து, சிவராத்திரிக்கு முதல்நாள் மாலையில் ஓட்டம் புறப்படுகிறது. காவி உடை, கழுத்தில் ருத்திராட்சம், கையில் பனையோலை விசிறி, இடையில் திருநீறும் சிறிது பணமும் வைத்த பை; இவையே ஓடுபவரின் உடைமைகள். முன்னரே விரதம் தொடங்கியிருப்பார்கள். சிவனைத் தரிசிக்கச் செல்லும் இவர்கள் வழியெங்கும் எழுப்பும் முழக்கம் ‘கோவிந்தா, கோபாலா’ என்பதே! அதனால் ஓடுபவருக்கே ‘கோவிந்தன்’ என்று பெயர்.

திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, திருப்பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்று 12 தலங்கள். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் என்பர். சிவராத்திரியன்று இரவு திருநட்டாலத்தில் பயணம் நிறைவுறும். இப்பகுதி முழுவதும் பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்தது. கல்குளம் கோயில் இருக்கும் பத்மநாபபுரம், 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை அரசிருக்கையாக விளங்கிற்று. திருவிதாங்கூர் என்ற பெயருக்கே மூலமான ஊர் திருவிதாங்கோடு. 1956 நவம்பர் 1 முதல் இந்நிலம் தமிழ்நாட்டில் இருப்பினும், எல்லையின் இருபுறத்து மக்களுக்கும் இந்த ஓட்டம் பொதுவானது.

திக்குறிச்சியில் தாமிரபரணி ஆற்றங்கரையை அடைகின்றனர். அதன்பின் பாதை மலைநாட்டை நோக்கித் திரும்புகிறது. வாழைத் தோட்டங்களும் ரப்பர் தோட்டங்களும் இருளில் மூழ்க, மேற்குத் தொடர்ச்சி மலை வானத்தின் விளிம்பில் கரிய கோடாகத் தெரியும். திற்பரப்பில் கோதையாறு பாறையின்மேல் பரந்து அருவியாய் வீழ்கிறது. தட்சனின் யாகத்தை அழித்த வீரபத்திரரின் சீற்றத்தோடு தலபுராணம் இணைக்கும் கோயில், அந்த அருவியின் குளிர்ச்சிக்கு அருகிலேயே அமைந்திருக்கிறது. ஒவ்வொரு தலத்திலும் குளத்திலோ ஆற்றிலோ நனைந்து, ஈர உடையோடு இறைவனைத் தரிசித்து, மறுபடி ஓடுகின்றனர். வழியில் ஊர் மக்கள் சுக்கு நீரும் மோரும் பானகமும் கஞ்சியும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் காத்திருக்கின்றனர். வாங்கிக் குடிப்பவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

ஏன் ஓட வேண்டும்?

உடலை இவ்வளவு வருத்தத்தான் வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. சாஸ்திரம் விதிக்காத முறையில் உடலை வதைத்து, அதைத் தவமென்று எண்ணிச் செருக்குறுவோரை ஸ்ரீகிருஷ்ணர் கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கடிந்துரைக்கிறார். உணவிலும் உறக்கத்திலும் அளவு தவறாதவனுக்கே யோகம் கைகூடும் என்பது 6-ஆம் அத்தியாயத்தின் கருத்து. ஆகவே வருத்தம் மட்டுமே தவமாகிவிடாது. அந்த வருத்தம் எதைக் கரைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஈசாவாஸ்ய உபநிஷதம் பரம்பொருளை உணர்த்தும்போது ஓட்டத்தையே சான்றாகக் கொள்கிறது. பரம்பொருள் அசைவதில்லை, ஆயினும் எவ்வளவு விரைந்து ஓடுபவரும் சேரும் இடத்தில் அது முன்னரே இருக்கிறது என்பது அங்குள்ள உட்பொருள். அப்படியானால் ஓட்டத்தினால் இறைவன் அருகில் வருவதில்லை. மாறுபவன் ஓடுகின்றவனே. நள்ளிரவுக்குப் பின் திருநந்திக்கரையை நெருங்கும்போது கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. பதவி, படிப்பு, குலப்பெருமை ஆகிய எதுவும் அடுத்த அடியை எடுத்துவைக்க உதவுவதில்லை. முன்பின் அறியாத ஒருவர் நீட்டும் குவளை நீர்தான் உதவுகிறது. ‘நான்’ என்னும் சுமை அங்கே சற்று இளகுகிறது. செயல்கள் நேரடியாக முக்தி தருவதில்லை, சித்தசுத்தியையே தருகின்றன என்று ஆதிசங்கரர் வலியுறுத்துவதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

மலைப்பாதைகளில் மாலை வேளையில் ஓடுவது இன்று உலகெங்கும் விரும்பப்படும் விளையாட்டு. அதில் குறை ஏதுமில்லை. இளைஞர்களின் உடல் உரம் பெற வேண்டும் என்று இடையறாது வற்புறுத்தியவர் சுவாமி விவேகானந்தர். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பந்தயத்தில் நிற்பது நஷ்டம். நின்ற ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தில் குறையாகப் பதிவாகிறது. சிவாலய ஓட்டத்தில் முதலிடம் என்று ஒன்றில்லை. அங்கே ஓடுவது, அடுத்த சந்நிதியில் நிற்பதற்காக.

ஜப்பானில் கியோட்டோவிற்கு அருகிலுள்ள ஹியெய் மலையில் டெண்டாய் மரபுப் பௌத்தத் துறவியர் சிலர் மேற்கொள்ளும் கடுந்தவமும் இத்தகையதே. ஏழு ஆண்டுகளில் 1000 நாட்கள், இருள் பிரியுமுன்னரே மலைப்பாதையில் விரைந்து நடக்கின்றனர். தொடக்க ஆண்டுகளில் ஒரு நாளைய தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் 250-க்கும் மேற்பட்ட இடங்களில் நின்று, கோயிலையோ பாறையையோ மரத்தையோ வணங்குகின்றனர். நிற்காமல் கடந்தால் அந்த நடைக்கே பொருளில்லை. நம் சுவாமிஜியும் பல ஆண்டுகள் பரிவிராஜகராகப் பாரதம் முழுவதும் அலைந்தார். 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் சில நாட்கள் தங்கிக் கன்னியாகுமரியை அடைந்தார். அந்த நீண்ட பயணம் கடல் நடுவே ஒரு பாறையில் தியானமாக வந்து நின்றது.

இன்று இருசக்கர வாகனங்களிலும் வேன்களிலும் 12 தலங்களையும் தரிசிப்போர் மிகப் பலர். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் வேறு வழியில்லை. அவர்களைக் குறைகூறுவது முறையன்று. ஆனால் இத்தனை மணி நேரத்தில் முடித்துவிட்டோம் என்று பெருமை கொள்பவர், ஓடினாலும் சரி, வண்டியில் சென்றாலும் சரி, அந்தக் கோயில்கள் எப்படித் தோன்றின என்ற கதையை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

பதினொரு பூஜைகள்

தருமபுத்திரர் யாகம் செய்ய முனைந்தபோது, புருஷாமிருகத்தை அழைத்துவரப் பீமன் அனுப்பப்பட்டான். பாதி மனிதன், பாதி விலங்கு என்ற வடிவமும் மிகுந்த வலிமையும் கொண்ட புருஷாமிருகம், சிவபக்தியில் நிகரற்றது. திருமாலின் பெயரைக் கேட்கவும் பொறாதது. புறப்படும் முன் ஸ்ரீகிருஷ்ணர் பீமனிடம் 12 ருத்திராட்சங்களைக் கொடுத்தார். ஆபத்து நெருங்கும்போது ஒன்றைக் கீழே வைக்கும்படி கூறினார்.

திருமலையில் தியானத்திலிருந்த புருஷாமிருகத்தின் முன் பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவினான். வெகுண்டெழுந்த புருஷாமிருகம் அவனைத் துரத்தியது. பிடிபடும் தறுவாயில் பீமன் ஒரு ருத்திராட்சத்தை வைத்தான்; அது சிவலிங்கமாயிற்று. லிங்கத்தைக் கண்ட புருஷாமிருகத்தால் கடந்து செல்ல முடியவில்லை. நின்றது, பூஜித்தது. பூஜை முடிந்ததும் மறுபடி துரத்தியது. மீண்டும் ஒரு ருத்திராட்சம், மீண்டும் ஒரு லிங்கம், மீண்டும் ஒரு பூஜை. பன்னிரண்டாவது இடமாகிய திருநட்டாலத்தில் இறைவன் சங்கரநாராயணனாகக் காட்சி தந்தான். தான் வணங்கியவனும் தான் வெறுத்த பெயருக்கு உரியவனும் ஒரே திருமேனியில் நிற்பதைப் புருஷாமிருகம் கண்டது. இவ்வாறு தலவரலாறு கூறுகிறது.

இக்கதையில் பொதுவாகப் பேசப்படுவது இறுதிக் காட்சியே. அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளே நம் வலியசாலை அன்பருக்கு உரியவை. புருஷாமிருகம் பதினொரு முறை பூஜை செய்தது. அத்தனையும் மெய்யான பூஜை. அதன் பக்தியில் கலப்படம் இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் எழுந்தபோது பழைய சினத்தோடுதான் எழுந்தது! பூஜை பகையை அழிக்கவில்லை.

அப்படியானால் அந்தப் பதினொரு பூஜைகளும் வீணா? இல்லை. அவை இல்லாதிருந்தால் பீமன் முதல் தலத்திலேயே மாண்டிருப்பான். புருஷாமிருகம் ஒரு கொலையைச் சுமந்து, தன் வெறுப்பு சரியே என்ற முடிவோடு காட்டிற்குத் திரும்பியிருக்கும். ஒவ்வொரு பூஜையும் வெறுப்பைத் தாமதப்படுத்தியது. அந்தத் தாமதத்தின் நீளமே திருநட்டாலம்வரை கொண்டுசேர்த்தது. பகையை இன்னும் வெல்ல முடியாத சாதகன் அதைத் தாமதப்படுத்தினாலும் போதும். அதுவும் அருளின் ஒரு செயலே. சினம் கையை ஓங்கும் கணத்தில் ஏதோ ஒன்று வழிமறித்து நிறுத்துமானால், அன்றைய பூஜை தன் வேலையைச் செய்துவிட்டது.

இந்நிலத்திலுள்ள 12 கோயில்களும் எதன் நினைவுச்சின்னங்கள்? சினத்தோடு ஓடிய ஒருவன் நின்ற இடங்களுக்கு மட்டுமே கோயில் அமைந்தது. துரத்திய வழித்தடத்திற்குக் கோயில் இல்லை. மனித வாழ்விலும் பிறர் நன்றியோடு நினைப்பது நாம் நின்ற இடங்களையே.

ஓடும் பக்தன் இக்கதையில் யாராக நடிக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். கோவிந்த நாமத்தை முழக்குவதால் அவன் பீமன். லிங்கத்தைக் கண்டதும் நின்று வணங்குவதால் அவனே புருஷாமிருகம். துரத்துபவனும் துரத்தப்படுபவனும் ஓர் உடலில் ஓடுகின்றனர். எந்தப் பெயர் ஒருவனுக்கு வெறுப்பூட்டியதோ அந்தப் பெயரையே இரவு முழுவதும் தன் மூச்சாக்குவதைவிடப் பெரிய பயிற்சி வேறென்ன இருக்க முடியும்? நம் அன்பர் தமையனின் பெயரை ஆறு ஆண்டுகளாக உச்சரிக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

எல்லையில் ஒரு தீர்ப்பு

கதைக்கு மற்றொரு முடிவும் மக்களிடையே வழங்குகிறது. ஓடிவந்த பீமன் தன் எல்லையை அடைந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். மறுகால் புருஷாமிருகத்தின் எல்லையில் இருந்தது. அப்போது புருஷாமிருகம் அவனைப் பற்றிக்கொண்டது. வழக்கு தருமபுத்திரரிடம் சென்றது. பிடிபட்டவன் தம்பி, தீர்ப்புச் சொல்பவர் தமையன். எல்லைக்கு அப்பாலிருந்த பாதி உடல் புருஷாமிருகத்திற்கே உரியது என்று தருமபுத்திரர் தீர்ப்பளித்தார். தமக்கே இழப்பைத் தரும் அந்த நடுவுநிலைமையைக் கண்டு நெகிழ்ந்த புருஷாமிருகம் பீமனை விடுவித்தது.

ஒரு முடிவில் பகையை அழித்தது ஒருமைக் காட்சி. மற்றொன்றில் பகையை அழித்தது நீதி. முன்னது ஞானம், பின்னது தருமம். இவை இரண்டும் வெவ்வேறு என்று தோன்றலாம். ஆனால் தம்பிக்கும் அயலானுக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்க யாரால் முடியும்? இருவரிடத்தும் ஒரே ஆன்மாவைக் காண்பவரால்தான் முடியும். பிறருடைய இன்ப துன்பங்களைத் தன்னுடையவைபோல் காண்பவனே மேலான யோகி என்று கீதை உணர்த்துவதும் இதுவே. சங்கரநாராயணனைத் திருமேனியில் காண்பது எளிது; எல்லைச் சுவரில் காண்பது அரிது. ஒருமைத் தத்துவத்தை ஏற்றுக்கொள்ளும் ஒருவர், தமக்குச் சேராத ஓரடி நிலத்தைத் தமதென்று வழக்காடுவாராயின், அவர் இன்னும் பதினோராவது தலத்திலேயே இருக்கிறார்.

வீடு திரும்புதல்

சிவராத்திரி கழிந்த மறுநாள் நம் அன்பர் கொப்புளம் கண்ட பாதங்களோடு வலியசாலைக்குத் திரும்புகிறார். அவருள் பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்வது நேர்மையாகாது. ஒரே இரவில் ஆறு ஆண்டுப் பகை அற்றுப்போவது அரிது. தெருமுனையில் தமையனைக் கண்டதும் நெஞ்சு பழையபடி கொதிக்கக்கூடும். ஆனால் இப்போது அவருக்கு ஒன்று தெரியும். கால்கள் ஓட விரும்பும்போது நிற்க முடியும். ஈர உடையோடும் களைத்த உடலோடும் 12 முறை நின்று பழகியவர் அவர். பதின்மூன்றாவது முறை, எதிரே வருபவரின் முன் ஒரு கணம் நின்றால் போதும். பேச்சு அன்றே வராவிட்டாலும், சுவர் எங்கே எழ வேண்டும் என்ற கணக்கை, தாமே தருமபுத்திரர் இடத்தில் அமர்ந்து மறுபடி ஒருமுறை பார்க்கலாம்.

சிவாலயங்களை நோக்கி ஓடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. ஆனால் சினத்தின் பின்னே ஓடும் ஓட்டம் எல்லோருக்கும் உண்டு. அந்த வழியில் ஸ்ரீகிருஷ்ணர் நமக்காகவும் சில ருத்திராட்சங்களை வைத்திருக்கிறார். காலை ஜபம், மாலை ஆரதி, உண்ணுமுன் ஒரு பிரார்த்தனை, பெரியோர் வாக்கு ஒன்று என அவை பல. அவற்றின் முன் முழுமனத்தோடு நிற்போம். பகை இன்னும் மறையவில்லையே என்று சோர்ந்து அவற்றை விட்டுவிட வேண்டாம். பதினொன்று கழிந்த பின்னர்தானே பன்னிரண்டாவது வந்தது!